பத்தில் எட்டு

என் அத்தா உயிரோடு இருக்கும்போதே அவரை இறந்தவராக்கியவள் நான். விஷம் வைக்கவில்லை, கழுத்தை நெரிக்கவில்லை... ஒரு தாளும் பென்சிலும் எனக்குப் போதுமானதாக இருந்தன.

துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறாள், பாவம், என்று நினைத்துவிடாதீர்கள். நான் பிதற்றுகிறவள் அல்ல. தோப்பும்படியில் ஒரு டியூஷன் சென்டரில் டிகிரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறவள். என்ன செய்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தேதான் செய்தேன். உங்கள் இரக்கத்தை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தா, என்னைப் பெற்றவர், மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். அவர் வாய்திறந்தால் தெருமுனைவரை கேட்கும். அந்த மனிதர் ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, நாக்கும் போயிற்று. பேசினால் அவருக்குப் புரிகிறதா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். "பறயான் பற்றில்ல... சொல்ல முடியாது" என்றார் அவர். இரண்டு மொழியிலும் ஒரே பதில்!

ஆனால் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "அவருக்கு எல்லாம் புரியுது மோளே. இடது கையால அமுக்கிச் சொல்றாரு. ஆமான்னா ஒரு அமுக்கு, இல்லேன்னா ரெண்டு" என்றாள். பகல் முழுவதும் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருப்பாள். மீன் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, அடுப்பில் என்ன வேகிறது என்பதுவரை. நாற்பது வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வாரம் இருமுறை வைட்டிலாவிலிருந்து வந்துபோனாள்.

எனக்கு எரிந்தது. ஏன் தெரியுமா? பதினெட்டு வயதில் எர்ணாகுளத்தில் எனக்குக் கிடைத்த காலேஜ் சீட்டை வேண்டாம் என்று தடுத்தவர் அத்தா. அப்படித்தான் அம்மா சொல்லியிருந்தாள். கல்யாணமாகி, அந்தக் கல்யாணம் முறிந்து, தபால் வழியில் தட்டுத்தடுமாறிப் படித்துத்தான் நான் இந்த வாத்தியார் வேலைக்கு வந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாத மனிதருக்கு இப்போது கையால் கொஞ்சிப் பேச்சா?

"நீயா கற்பனை பண்ணிக்கிறே. சோதிச்சுப் பார்த்திரலாம்" என்றேன்.

சோதனையின் அடிப்படையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்; என் குற்றம் அதற்குள்தான் இருக்கிறது. முதலில், "அத்தாவுக்கு எதுவும் புரியவில்லை, விரல் சும்மா அசைகிறது" என்று வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். அது உண்மையென்றால் அவர் பதில்கள் நாணயம் சுண்டுவதுபோல, பாதிக்குப் பாதிதான் சரியாக வரும். பத்துக் கேள்வியில் ஒன்பதோ பத்தோ குருட்டாம்போக்கில் சரியாக வருவதற்கு நூற்றுக்கு ஒன்று அளவே வாய்ப்பு. எட்டோ அதற்கு மேலோ வருவதற்கு ஏறக்குறைய ஐந்தரை. நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால்தான் கருதுகோளைத் தள்ளலாம் என்பது வழக்கமான வரம்பு. ஆகவே ஒன்பது வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைத்தேன். எவ்வளவு நேர்மை பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அத்தாவின் கையை நானே பிடித்துக்கொண்டேன். அம்மா பிடித்தால் அவள் ஆசையே அமுக்காகத் தெரியும் அல்லவா? அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, "வாயைத் தொறக்கவே கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் சோதனை கெட்டுப்போகும்" என்று மிரட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினாள்.

"என் பேரு சபீனாவா?" ஒரு அமுக்கு. "நம்ம வீடு வைப்பின்லயா இருக்கு?" இரண்டு, சரிதான். "அத்தாவுக்குக் கப்பக்கிழங்கும் மீனும் பிடிக்குமா?" ஒன்று, அதுவும் அழுத்தமாக. அம்மா சத்தமில்லாமல் சிரித்தாள். நான் சரிக்குறியை அவசரமாகக் கிறுக்கினேன். மகிழ்ச்சியால் என்று எழுத ஆசைதான்... இல்லை, தோற்றுவிடுவோமோ என்ற பயம்.

நான்காவது, "இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?" ஒரு அமுக்கு. தவறு போட்டேன். மூன்று மாதமாக மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பவருக்குக் கிழமை எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

அடுத்த நான்கும் சரி. ஒன்பதாவது கேள்வியை இரவெல்லாம் மனதில் உருட்டி வைத்திருந்தேன். "நான் காலேஜ் போகக் கூடாதுன்னு தடுத்தது நீங்கதானே?"

அவர் கண் என் முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. பிறகு விரல்கள் இறுகின, தளர்ந்தன, மீண்டும் இறுகின. இரண்டு! இல்லை என்கிறார்! சாகக் கிடக்கும்போதுகூடப் பொய்யா? ஸ்டூல் கிரீச்சிட்டது. திரும்பினேன். அம்மா முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். நான் பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்திப் பெருக்கல் குறி போட்டேன்.

பத்தாவது சரி. மொத்தம் எட்டு.

"பத்தாது" என்றேன். "எட்டு வந்தா போதாது. அத்தாவுக்கு ஒண்ணும் புரியலை. நீ சுவத்தோட பேசிட்டு இருக்கே."

அவர் தலைமாட்டில் நின்றே சொன்னேன். என் கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது.

இப்போது கேளுங்கள், இதுதான் என் குற்றம். எட்டு வந்தால் "நிரூபணம் போதவில்லை" என்று மட்டும்தான் சொல்லலாம். "புரியவில்லை" என்று சொல்ல எந்தக் கணக்கும் இடம் தராது. கொலை வழக்கில் சாட்சி போதாமல் ஒருவனை விட்டால் அவன் கொலை செய்யவில்லை என்றா அர்த்தம்? மறுநாள் காலை வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடமே அதுதான்! கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

இன்னும் இருபது கேள்வி கேட்டிருக்கலாம். மறுநாள் மறுபடி சோதித்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? அம்மாவின் முகம் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மா படித்தவள் அல்ல. படித்த மகள் சொன்னதை நம்பினாள். பயிற்சிக்காரப் பெண்ணை இனி வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அம்மா கட்டிலருகே உட்காருவதை விட்டாள். துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள், எல்லாம் வாய்பேசாமல். முதல் சில நாட்கள் அவர் விரல்கள் அவள் கையைத் தேடின. "சும்மா நரம்பு இழுக்குது" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை விலக்கிக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு விரல்களும் தேடுவதை நிறுத்தின. நான்கு மாதத்தில் அத்தா மௌத்தானார்.

நாற்பதாம் நாள் ஓதி முடித்து எல்லோரும் போனபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சொன்னாள். "மோளே, அன்னைக்கு அந்தக் காலேஜ் கேள்வி... அவரு பொய் சொல்லலை. அவரு அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போட்டுத்தான் வச்சிருந்தாரு. பொட்டப்புள்ளையைப் போட்ல ஏத்தி அக்கரைக்கு அனுப்பக் கூடாதுன்னு அழுது மல்லுக்கட்டினது நான்தான். என் பேரைச் சொல்லிராதீங்கன்னு சத்தியம் வாங்கினேன்."

அப்படியென்றால் எட்டு அல்ல... ஒன்பது.

பேச்சு இருந்த காலமெல்லாம் பழியைச் சுமந்தவர், பேச்சு போனபின் ஒருமுறை உண்மை சொன்னார். அதற்குத்தான் நான் தவறு போட்டேன்.

அந்த நேரத்தில் நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தாளைத் தேடி எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஒன்பது வந்திருந்தா அத்தா பாஸ்! நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். உன்னாலதான் போச்சு!"

"நீ வாயைத் தொறக்கக் கூடாதுன்னியே மோளே..." என்றாள்.

நான் தாளை மடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எட்டு வந்தாலும் அவருக்குப் புரியவில்லை என்று பொருள் கிடையாது, பொய்த் தீர்ப்பு எழுதியவள் நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம். அந்த அரை நிமிடம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. சொன்னால் பழி முழுவதும் என் தலையில் வந்து விழும். அம்மா தலையில் இருப்பதே எனக்கு வசதியாக இருக்கிறது.

போன வாரம் சாயா கொடுக்கப் போனேன். அம்மா அத்தாவின் வெறுங்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இடது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாயால சொல்ல வேணாம்" என்றாள். "அவரு அப்படிக் கிடந்து போனது என் தப்புதானா? ஆமான்னா ஒண்ணு, இல்லேன்னா ரெண்டு."

அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. காத்திருந்தாள்.

நான் ஒருமுறை அமுக்கினேன். கொஞ்ச நேரம் இன்னொன்று வருமா என்று பார்த்துவிட்டு, அவள் என் கையை விட்டாள்.