நைலான் கயிற்று வேன்

எங்களுக்கு வீசா கிடைத்தது. கிடைக்கவில்லை என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன்.

இதுதான் விஷயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை நுழைந்துவிடும். என்னை எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா புவியியல் ஆசிரியை. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் பள்ளி. மத்தியதரைக் கடலின் கரையை, பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே கரும்பலகையில் வரைந்துவிடுவாள். ஸ்பெயினில் தொடங்கி, பிரான்ஸைத் தொட்டு, இத்தாலியின் கால் வரைக்கும் ஒரே கோடு. அந்தக் கரையை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நானும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் கண்ணில் கோளாறு வந்தது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, மருந்து கிடையாது என்றார் டாக்டர். முதலில் எழுத்துகள் போகும், அப்புறம் முகங்கள், கடைசியில் வெளிச்சமும். பார்க்க வேண்டியதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்று அவர் சொன்னபோது ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

வேன் என்னுடைய யோசனை. ஊருக்கு ஒரு ஹோட்டல் என்று தங்கினால் தினமும் புது அறை, புது ஸ்விட்ச், புது பாத்ரூம்... பாவம், ஒவ்வொன்றையும் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்தால் படுக்கை, அடுப்பு, குழாய் எல்லாம் கூடவே வரும். ஒரு தடவை பழகினால் போதும். பார்சிலோனாவில் எடுத்து, கடலை ஒட்டியே ஜெனோவா வரைக்கும் போவது என்று முடிவு செய்தோம். நான் ஓட்டுகிறேன், நீ கடல் பக்கம் உட்கார்ந்து பார் என்றேன். அன்றைக்கு எவ்வளவு நல்லவனாக இருந்தேன்!

வேனின் நீள அகலத்தை என்னிடம் கேட்டுக்கொண்டு, ஹாலில் நாற்காலிகளை நிறுத்தி, நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். உள்ளே விரித்த பாய் படுக்கை. ஸ்டூல்தான் அடுப்பு. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நடந்து நடந்து பழகினாள். ஸ்கூல் விட்டு வந்ததும் அதுதான் வேலை. நான் சோபாவில் உட்கார்ந்து சிரிப்பேன்.

"சிரிக்காதீங்க. டிரைவர் ஒழுங்கா ரோட்டப் பாருங்க" என்பாள்.

டிரைவர்!

பெங்களூரு டிராஃபிக்கில் ஓட்டுகிறவன் உலகத்தில் எங்கேயும் ஓட்டுவான் என்று எங்கள் ஆபீஸில் பீற்றிக்கொள்வோம். எல்லோரையும்விட நான் சத்தமாகச் சொல்வேன். ஆனால் நான் ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக் கார். கியர் வண்டியைத் தொட்டது லைசென்ஸ் எடுத்த அன்றோடு சரி. அன்றைக்கும் டிரைவிங் ஸ்கூல்காரர் தன் பக்கத்து கிளட்சை மிதித்துக் கொடுத்ததால்தான் எட்டுப் போட்டேன். எடுக்கப்போகிற வேனோ கியர் வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். மினி பஸ் அளவுக்கு நீளம்.

பழகிக்கொள்ளலாமென்று ஆனேக்கல்லில் டெம்போ டிராவலர் வைத்திருக்கும் முனிராஜுவிடம் போனேன். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் வண்டி அணைந்து நின்றது. மறுபடி கிளப்பப் பார்த்தேன், பின்னால் உருள ஆரம்பித்தது. எது பிரேக், எது கிளட்ச் என்று என் கால் மறந்துபோனது. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். முனிராஜு எட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

கண்ணாடியில் பார்த்தேன்... பின்னால் ஒரு ஸ்கூட்டர், அதில் ஒரு புருஷன் பெண்சாதி. ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். அந்தப் பெண் இறங்கி ரோட்டோரம் போய் நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை.

நாளைக்கும் வாங்க சார், ஒரே வாரத்தில் கை வந்துவிடும் என்றார் முனிராஜு. நான் போகவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெண்ணெய் மாதிரி ஓட்டினேன் என்றேன். ஸ்டெல்லா கயிற்றுக்குள் நின்றபடி கைதட்டினாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயமாக இருக்கிறது... அவ்வளவுதானே! ஆபீஸ் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எத்தனையோ பேர் கை குலுக்கியாகிவிட்டது. அந்தக் கடலோர மலைப்பாதைகளை மொபைலில் பார்க்கும்போதெல்லாம், கடல் பக்கத்து ஸீட்டில் ஸ்டெல்லாவும் உருளுகிற வண்டியும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. அவள் உயிருக்குப் பயந்துதான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் மானம்.

வீசாவுக்குக் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டுகள் ஆபீஸுக்குக் கூரியரில் வந்தன. லிஃப்ட் பக்கத்தில் நின்று பிரித்தேன். இரண்டிலும் வீசா ஒட்டியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், இரண்டையும் பையின் அடியில் சொருகினேன். வீட்டுக்குப் போய், "ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்றேன்.

எவ்வளவு சுலபமான பொய், தெரியுமா! ஐரோப்பா வீசா மறுக்கப்பட்டது என்றால் நம் ஊரில் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. அச்சச்சோ, எங்க மச்சானுக்கும் இப்படித்தான் என்று அவரவர் கதையைத் தொடங்கிவிடுவார்கள். ஸ்டெல்லாவாலும் படித்துப் பார்க்க முடியாது. எழுத்துகள் அதற்குள் போய்விட்டிருந்தன. அது தெரிந்துதான் சொன்னேன்.

அவள் அழவில்லை.

"கவுன்டர்ல நான் தடவித் தடவிக் கையெழுத்து போட்டேனே, அதப் பாத்திருப்பாங்க. என்னாலதாங்க" என்றாள்.

நான் மறுக்கவில்லை. வேறு காரணம் தேடுகிற வேலை மிச்சம் என்றுகூடத் தோன்றியது. சீ! நானும் ஒரு மனுஷனா?

மறுநாள் அந்தக் கயிற்றை அவிழ்த்து மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டினாள். திரும்ப அப்ளை பண்ணலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். ஒரு தடவை மறுத்தால் அடுத்த தடவை இன்னும் கஷ்டம் என்றேன். அப்புறம் கேட்கவில்லை. முகங்கள் போயின, என் முகமும்தான். இப்போது வெளிச்சமும் இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். பொய் சொன்னேன் ஃபாதர் என்கிறேன். என்ன பொய் என்று அவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. பரிகாரமாகச் சில 'அருள் நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொல்கிறார். சொல்லி முடித்து, ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து மெல்ல வீட்டுக்குக் கூட்டிவருகிறேன். பெண்டாட்டியை எப்படித் தாங்குகிறார் பார் என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள். அது என் காதில் விழுகிறது.

போன வாரம் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி அந்தக் கடற்கரையிலிருந்து வீடியோ அனுப்பியிருந்தாள். ஸ்டெல்லா போனைக் காதோடு வைத்து அலைச் சத்தத்தைக் கேட்டாள். தண்ணி என்ன கலர் என்றாள். கரையோரம் பச்சை, தள்ளிப் போனால் நீலம் என்றேன். அவள் விரல் சாப்பாட்டு மேஜையில் அந்தக் கோட்டை வரைந்தது... இப்போதும் பிசகவில்லை.

"வீசா மட்டும் கிடைச்சிருந்தா நான் ரயில்ல, பஸ்லகூடப் போயிருப்பேன். எனக்குக் கடலப் பாத்தாப் போதும். உங்களுக்குத்தான் வேன் ஓட்டணும்னு அவ்ளோ ஆசை. என் கண்ணால அதுவும் கெட்டுப்போச்சு. மன்னிச்சிருங்க."

ரயில்... பஸ்... அட கடவுளே, ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால்!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. பதிலுக்காக அவள் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"பரவாயில்ல, விடு" என்றேன்.

ஆமாம்... நான் அவளை மன்னித்துவிட்டேன்.