புற்றுமண் டப்பாவில் வைத்த மருந்து

அன்றைக்கு வீட்டில் நான் இருந்தேன். கட்டிலில் என் வீட்டுக்காரி இருந்தாள். தரையில் அவளுடைய அக்கா, எனக்கு மதினி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவள். வேறு ஆள் இல்லை. எங்களுக்கு நடுவில் ஒரு மருந்துப் பாட்டில் இருந்தது. அதையும் ஆளாகச் சேர்க்கலாம். அன்று முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

பாட்டில் பாளையங்கோட்டையில் ஒரு சித்த வைத்தியர் கொடுத்தது. கஞ்சா இலை சேர்ந்த சூரணம். வீட்டுக்காரிக்கு மார்பில் வந்த கட்டி எலும்புக்கு இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஊசி கட்டியைக் கொஞ்சம் அமுக்கியது. வலியை அமுக்கவில்லை. அங்குள்ள டாக்டரிடமே கேட்டுத்தான் வைத்தியரிடம் போனோம். சட்டப்படி கொடுக்கிற மருந்துதான். சீட்டு உண்டு, பில் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது, வலி வந்தால் மட்டும் என்றார் வைத்தியர்.

மருந்து கேட்டது. முதல் தடவை தின்றுவிட்டு ஒரு பொழுது தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சிக்கல் மூடியில் வந்தது. பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்று செய்த மூடி. அழுத்திக்கொண்டே திருக வேண்டும். ஊசி போட்டதில் அவளுக்கு விரல் நுனி மரத்துப்போயிருந்தது. சட்டைப் பித்தான் போட வராது. இந்த மூடி எப்படி வரும்? மதினி வாங்கித் திருகிப் பார்த்தாள். பல்லால் கடித்தும் பார்த்தாள். மூடி சும்மா சுற்றியது.

நான் திறந்து கொடுத்துவிடலாம். ஆனால் எனக்கு வேலை பூ மார்க்கெட்டில். விடியுமுன் போனால் மத்தியானம்தான் வருவேன். இளையரசனேந்தல் பக்கமிருந்து வருகிற பூ மூடைகளை இறக்கி, தராசில் ஏற்றுகிற வேலை. மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். மதினி திங்கட்கிழமை மட்டும் வருவாள். மற்ற நாள் காலையில் வீட்டுக்காரி தனியாள். வலி அதிகம் வருவதும் காலையில்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திறந்து தரச் சொல்லலாமே என்றாள் மதினி. வீட்டுக்காரி தலையை ஆட்டிவிட்டாள். பாட்டில் மேல் பெரிய எழுத்தில் கஞ்சா என்று போட்டிருந்தது. அதுதான் காரணம்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அதிகம் சொன்னவள் அவள்தான். கல்யாணமான புதிதில் நான் மார்க்கெட்டிலிருந்து தூக்கமில்லாமல் கண் சிவந்து வருவேன். கஞ்சாக்குடிக்கி வந்துட்டான் என்பாள். கோபத்திலும் சொல்வாள், கொஞ்சலிலும் சொல்வாள். நான் பீடிகூடத் தொட்டதில்லை. அவள் தலையை ஆட்டியதும் நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. இத்தன வருசம் ஒங்களச் சொன்னது எனக்கே திரும்பிட்டு" என்றாள்.

மதினிக்கும் சிரிப்பு வந்தது. அதோடு பேச்சு முடிந்திருக்கும். வீட்டுக்காரி பாட்டிலைக் கையில் வாங்கி மூடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு வலிக்கும்போது நானே தொறந்து நானே திங்கணும். அதுக்கும் ஒருத்திய கூப்பிடணும்னா நான் எதுக்கு இருக்கேன்?"



வைத்தியரிடம் போனில் கேட்டேன். வேறு டப்பாவுக்கு மாற்றலாம் என்றார். வெயில் படக் கூடாது. ஈரம் படக் கூடாது. காற்றுப் புகக் கூடாது. பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. மேலே மருந்தின் பேரை ஒட்டிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வீட்டிலிருந்த டப்பாக்களை எல்லாம் கட்டில் பக்கம் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பொரிகடலை போட்டு மூடி அவள் கையில் கொடுத்தேன். திறந்தால் தின்னலாம் என்றேன்.

எவர்சில்வர் டப்பா மூடி கவ்விப் பிடித்துக்கொண்டது. காப்பித்தூள் வந்த கண்ணாடி பாட்டில் லேசாகத் திறந்தது, ஆனால் வெளிச்சம் உள்ளே போகும். மருந்துக்கு ஆகாது. ஊறுகாய் ஜாடியைத் தூக்கவே அவளுக்குத் தெம்பில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் முன்னால் வைத்திருந்த பெருங்காயம் மணத்தது. கண்ணாடி பாட்டிலையே ஈரத்துணியால் சுற்றி, பூ வருகிற தெர்மாகோல் பெட்டியில் வைத்துவிடலாம் என்றேன். வெளிச்சமும் படாது, குளிர்ச்சியாகவும் இருக்கும் என்று நினைத்தேன்.

"மருந்தா, மல்லியப்பூவா?" என்று கேட்டாள். ஈரம் படக் கூடாது என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பூவோடு கிடக்கிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

கடைசியில் அவளே கையை நீட்டி, சுவரில் அடித்த சாமி படத்தட்டைக் காட்டினாள். அதில் எங்கள் புற்றுமண் டப்பா இருந்தது. இந்த ஊர்க் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற மண்ணை எல்லோர் வீட்டிலும் வைத்திருப்போம். நெற்றியில் இடுவோம், புண்ணில் தடவுவோம், ஒரு துளி வாயிலும் போட்டுக்கொள்வோம். எங்கள் டப்பா தகர டப்பா. மூடி பின்னால் கீல் வைத்தது, முன்னால் சின்ன நாக்கு இருக்கும். பெருவிரலால் நாக்கைத் தூக்கினால் திறக்கும், விட்டால் டக்கென்று மூடும். எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இதுக்கு என் கை தெரியும்" என்றாள்.

உள்ளே கொஞ்சம் மண் மிச்சமிருந்தது. அதைத் தாளில் மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். டப்பாவைத் துடைத்து, காயவைத்து, மருந்தைக் கொட்டினேன். தட்டு கட்டிலுக்கு மேலே அவள் எட்டுகிற உயரம். வெயில் வராத சுவர். தெருப் பிள்ளைகள் வந்தாலும் சாமி தட்டில் கை வைக்க மாட்டார்கள். வைத்தியர் சொன்ன எல்லாம் சரியாக இருந்தது. பேரை மட்டும் ஒட்டவில்லை. அவள் வேண்டாம் என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் நன்றாகப் போனது. நான் வரும்போது முகம் தெளிவாக இருக்கும். நானே தொறந்தேன் என்பாள், சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி.

திங்கட்கிழமை மதினி வந்தாள். நான் மார்க்கெட்டில் இருந்தேன். வழக்கம்போல முதலில் கோயிலுக்குப் போய், முட்டுவலியோடு பிராகாரம் சுற்றி, தங்கச்சிக்காகப் புற்றுமண் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. ஒவ்வொரு திங்களும் செய்கிறதைத்தான் அன்றும் செய்தாள். சாமி தட்டிலிருந்த டப்பாவைத் திறந்து மண்ணைக் கொட்டி மூடினாள். கண் சரியாகத் தெரியாதவள். பாதி டப்பா பழைய மண் கிடக்கிறது என்று நினைத்திருப்பாள். கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

நான் மத்தியானம் வந்தபோது வீட்டுக்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சேலை முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள். டப்பா திறந்து கிடந்தது. பச்சையும் சிவப்பும் கலந்து ஒரு நிறமாக இருந்தது. மருந்து எது, மண் எது என்று பிரிக்க வழியில்லை. எவ்வளவு எடுத்தால் எவ்வளவு மருந்து என்றும் தெரியாது. அதனால் அவள் தின்னவில்லை. என்னை ஏன் கூப்பிடவில்லை, போன் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்டேன். மூடையை நடுவில் போட்டுட்டு வருவீங்க என்றாள்.

கொஞ்சம் கழித்து என் கையைப் பிடித்தாள்.

"அக்காட்ட சொல்லாதீங்க. எனக்கு நல்லாவணும்னுதான அவ முட்டுக்கால வச்சிக்கிட்டு சுத்தி வந்தா."

வைத்தியருக்குப் போன் செய்தேன். கலந்ததைத் தொடக் கூடாது, உடனே கிளம்பி வா என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கலந்த டப்பாவையும் சீட்டையும் எடுத்துப் போனேன். வைத்தியர் டப்பாவைத் திறந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார். திட்டவில்லை. பேரை ஒட்டியிருந்தால் இது வந்திருக்குமா என்று மட்டும் கேட்டார். வராது என்றேன். மண்ணைக் கொட்டிய அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்றார். எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்றேன். அப்போ பெரிசாக எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். புது மருந்தை வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துத் தர உதவிக்கு இருந்தவனிடம் சொன்னார். இனி சிந்தவும் செய்யாது, எதோடும் கலக்கவும் செய்யாது என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். முதல் பொட்டலத்தை நான் பிரித்துக் கொடுத்தேன். அவள் தின்று வலி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அதன் பிறகு அந்தத் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுதிட்டுப் போகட்டும். வலிய விட அது என்ன பெரிய வார்த்தையா?" என்றாள். கஞ்சிப் பருக்கை இரண்டை எடுத்து மசித்து, மரத்த விரலால் அவளே டப்பா மூடியில் ஒட்டினாள். கோணலாகத்தான் ஒட்டியது.

கலந்ததை என்ன செய்ய என்பது அடுத்த கேள்வி. புற்றுமண்ணைக் குப்பையில் போடக் கூடாது, கால் படும். மருந்தைத் தெருவில் கொட்டக் கூடாது. முற்றத்தில் ஒரு பிச்சிக் கொடி நிற்கிறது. அதன் தூரில் குழி தோண்டிப் புதைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அப்படியே செய்தேன். டப்பாவைத் துடைத்துக் காயவைத்துப் பொட்டலங்களை அதிலேயே வைத்தேன்.

அடுத்த திங்கள் மதினி வரும்போது நானும் வீட்டில் இருந்தேன், மார்க்கெட்டில் சொல்லிவிட்டு. மண் பொட்டலத்தோடு நேராகத் தட்டுக்குப் போனாள். மூடியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து எழுத்துக் கூட்டினாள். க, ஞ், சா. அப்படியே நின்றாள்.

"ஏட்டி, அப்பம் போன வாரம் நான் இதுலயா கொட்டுனேன்?"

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள்.

"செடிக்குப் போயிட்டுக்கா" என்றாள். "வாசல்ல பாரு. பிச்சிக்கொடி அன்னையிலருந்து ஆடிக்கிட்டே நிக்கி."

மதினி வாசலைப் பார்த்தாள். காற்றில் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தங்கச்சியின் காலைப் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவில்லை. வெகு நேரம் அமுக்கினாள். பிறகு இடுப்பிலிருந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்து, வெற்றிலை பாக்கை முந்தானையில் முடிந்துகொண்டு, பெட்டியைத் துடைத்து அதில் மண்ணைக் கொட்டினாள்.

"இது வட்டம், அது சதுரம். கண்ணு தெரியலன்னாலும் கை சொல்லும்லா தம்பி?" என்று என்னிடம் கேட்டாள். சொல்லும் என்றேன்.

இப்போது தட்டில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஈரம் ஏறாமலிருக்க மருந்து டப்பாவில் கொஞ்சம் அரிசியைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன். அது வீட்டுக்காரி சொன்ன யோசனை.

வலிக்கிறதா என்று கேட்டால் அவள் சொல்ல மாட்டாள். பரவால்ல என்பாள். நானும் திரும்பக் கேட்கிறவன் இல்லை. எத்தனை வேளை தின்றாள் என்று வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். அதனால் பிரித்த பொட்டலத் தாளை எறியாமல் தலையணைக்கு அடியில் வைப்பாள். நான் மார்க்கெட்டிலிருந்து வந்து, கை கழுவி, அவள் தலையை லேசாகத் தூக்கி, முந்தின மத்தியானத்துக்குப் பிறகு சேர்ந்த தாளை எடுப்பேன். அவள் எங்கேயோ பார்ப்பாள். அதுதான் எனக்குக் கேள்வியும் பதிலும். போன வாரம் முழுக்க நாளுக்கு மூன்று மூன்றாக இருந்தது. ஒரு நாள் தாளை எண்ணிவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

இன்றைக்கு வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். பெருவிரல் இன்னும் டப்பா நாக்கைத் தூக்குகிற மாதிரி மடிந்திருந்தது. எழுப்பாமல் தலையணைக்கு அடியில் கையை விட்டேன்.

ஒன்று.