காலியாக இருந்த கட்டம்

இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, வரைபடத்தின் ஓரத்தைப் பிளேடால் நறுக்கினார். அந்த ஆராய்ச்சி மையத்தின் சூப்பர் கம்ப்யூட்டரைப் பராமரிப்பவர் அவர். அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களின் மாநாடு சற்று நேரத்தில் தொடங்கும். மாட்ட வேண்டிய போஸ்டர்களில் ஒன்றில் மட்டும் நடுக்கட்டம் காலியாக இருந்தது. அது போன மாதம் இறந்துபோன அவர் மனைவியுடையது.

அந்தக் கட்டத்துக்காக அவள் கடைசியாக அனுப்பிய கணக்கீடு, கம்ப்யூட்டரின் வரிசையில் காத்திருந்தது.

"புருஷனோட மெஷின்லயும் நான் க்யூல நிக்கணுமாங்க?" என்று அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேலி செய்தாள்.

"நின்னுதான் ஆகணும்" என்றார்.

அவள் போன பிறகும் அதை அவர் முன்னால் நகர்த்தவில்லை. இறந்தவரின் லாகினை மூடிவிட வேண்டும் என்பது விதி. மூடினால் காத்திருக்கும் கணக்கீடும் போய்விடும். அதனால் மூடாமல் வைத்திருந்தார். இன்று காலை அதன் முறை வந்து, விடையும் வரைபடமாக வந்தது.

"சார், நான் அனுப்புன கணக்கும் க்யூலயே நரைச்சுப் போச்சு. கொஞ்சம் தள்ளி விடுங்களேன்" என்றார் அந்தப் பக்கம் வந்த பேராசிரியர்.

"முறை வந்தா ஓடும் சார்."

வரைபடத்தைக் காலிக் கட்டத்தில் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். மனைவியோடு வேலை பார்த்த பெண் வந்தாள். போஸ்டர் அருகே நின்று விளக்கப்போகிறவள் அவள்தான்.

"அக்கா சொன்ன மாதிரியே வந்திருக்காண்ணா?"

"கோடு அவ சொன்ன இடத்துலதான் திரும்புது."

"நீங்களும் பக்கத்துல நில்லுங்களேன்."

"நான் எதுக்கும்மா? அவ லாகின மூடணும்."

பசை காயும்வரை பார்த்திருந்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் பிடித்து, மடங்காமல் போஸ்டரை அவள் கையில் கொடுத்தார்.