இரண்டு மாடம்பாக்கம்

தாம்பரம் ரயில் நிலையத்தில் ஒரு வெளியூர்ப் பயணி, பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். மாடம்பாக்கம் சிவன் கோயிலைச் சொன்னேன். சோழர் காலத்துக் கோயில், பஸ்ஸில் போய்விடலாம். அவர் கையிலிருந்த தடித்த வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அந்தப் பெயர் இல்லை. அதனால் போகவும் இல்லை. அப்போதுதான் தோன்றியது: புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, இணையத்தில் நானே ஒரு பக்கம் போடலாமே?

ஒரே வாரத்தில் சிட்லபாக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டுவிட்டேன். படங்கள், நடை திறக்கும் நேரம், என் மின்னஞ்சல் முகவரி. கடைசியாக ஒரு வரைபடம். ஊர்ப் பெயரை அடித்தேன், சிவப்புப் புள்ளி விழுந்தது, அப்படியே இணைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அதே சென்டரில், புனேயிலிருந்து ஒரு தம்பதியின் மின்னஞ்சலைப் பார்த்தேன். முந்தின நாள் எழுதியது. பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ரயில் ஏறுகிறார்களாம். சனிக்கிழமை காலை மட்டும்தான் நேரம். மதியம் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் கிளம்ப வேண்டும்.

சந்தோஷத்தில் என் பக்கத்தை நானே திறந்தேன். புள்ளி கூடுவாஞ்சேரி அருகே இருந்தது. அங்கேயும் ஒரு மாடம்பாக்கம் உண்டு.

"என்னப்பா, அரியர்ஸ் ரிசல்ட் வந்த மாதிரி முழிக்கிற?" என்றார் சென்டர் அண்ணா.

"தப்பான ஊரக் காட்டிட்டேன்ணா."

"மாத்திடு. ரெண்டு நிமிஷ வேலை."

மாற்றினேன். பதிலும் எழுதினேன். ஆனால் ஓடும் ரயிலில் அதை யார் படிப்பார்கள்? அவர்கள் கையிலிருக்கும் தாளை எப்படி மாற்றுவது? போன் நம்பர்கூட நான் போடவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஒரே குழப்பம். அந்தத் தாளில் தாம்பரத்தில் இறங்கச் சொல்லி எழுதியிருந்தேன். வரைபடமோ கூடுவாஞ்சேரியைக் காட்டியது. எழுத்தை நம்புவார்களா, புள்ளியையா? நானாக இருந்தால் புள்ளியைத்தான் நம்புவேன். மின்சார ரயிலைப் பிடித்தேன். ஒவ்வொரு நிலையத்திலும் அது நின்று நின்று போனது.

கூடுவாஞ்சேரி ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தேன்.

"ஆமா தம்பி, இந்திக்காரங்க ரெண்டு பேரு. எந்த மாடம்பாக்கம்னு கேட்டேன். பேப்பரக் காட்டி இதான் இதான்னாங்க. தாம்பரம் பக்கம் ஒண்ணு கீதுன்னு கையக் காட்னேன். நான் சவாரிக்கு அலையுறேன்னு நெனச்சிட்டாங்க. சரின்னு இங்கயே இட்டுகினு போனேன். கோபுரம் எங்கன்னு தேடினாங்க, பாவம். இப்பதான் திரும்ப ரயில் ஏறினாங்க. உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"அந்தப் பேப்பர் என்னோடதுண்ணா."

"நீதானா அது? நல்லா வழி சொன்ன, போ."

எழும்பூர் வரை துரத்திப் போய் என்ன சொல்வது? கோயில் நடை சாத்தும் நேரமும் நெருங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரரை விட, எங்கோ இருந்த என்னைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. பக்கத்தை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்கு முன் ஒரு காரியம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பக்கமே வந்திராத கல்லூரி நண்பன் ஒருவன் கையில் பிரிண்டைக் கொடுத்து, தாம்பரத்தில் இறக்கிவிடப் போகிறேன். யாரிடமும் கேட்கக் கூடாது, தாளில் உள்ளபடி மட்டுமே நடக்க வேண்டும். பத்தடி பின்னால் நான், வாயைத் திறக்காமல், கையில் பேனாவோடு.