முள் வலப்பக்கம் சாய்ந்தது

பேய் பிசாசு என்று யார் வந்து சொன்னாலும் "போய் வேலையப் பாரு" என்று விரட்டுகிறவள் நான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக் குடும்பங்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பிரசவம் பார்த்தவள், எனக்கு எதைக் கண்டு பயம்? நீங்கள் நம்பினாலும் சரி, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் லயத்துப் பேச்சாயிக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது, என் கையை மீறிவிட்டது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் உயிர் தங்கும். தோட்டத்தை நடத்தும் துரையின் மோட்டார் கார், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோ கெட்டுப்போய், அதைப் பழுதுபார்க்க அன்றைக்குப் பதுளைக்குத்தான் போகவிருந்தது. பேச்சாயியின் புருஷன் காலில் விழுந்து அழுத பிறகு துரை சம்மதித்தார், சீட்டில் கறை படாமல் சாக்கு விரிக்கச் சொல்லி.

சாயங்காலம்தான், ஆனால் மழையும் மூட்டமுமாக எதிரே மாடு நின்றாலும் தெரியாது. கார் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. டிரைவர் காசீம் பாய் முன்னாலிருந்த முள் ஆடும் ஒரு சின்ன வட்டக் கண்ணாடியையே பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

"அதுல என்ன பாய்?"

"பேட்டரி முள்ளு, அக்கா. இடது பக்கம் சாஞ்சா தீந்துக்கிட்டிருக்கு, வலது பக்கம் சாஞ்சா ஏறுது. டைனமோ செத்துப்போச்சு, இனி எங்க ஏற? விளக்கு நின்னுச்சுன்னா இந்த ரோட்டுல ஒரு அடி நகர முடியாது."

பின் சீட்டில் பேச்சாயியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பொழைச்சுருவேனா?" என்றாள். பொழைப்ப, பேசாம இரு என்றேன். கொஞ்ச நேரத்தில் நாடி தளர்ந்தது, ரோட்டில் வெளிச்சம் கூடியது. நிமிர்ந்தால், முள் வலப்பக்கம் போகிறது. அவள் முனகி மூச்சு இழுத்தாள், முள் இடப்பக்கம் விழுந்தது, விளக்கு மங்கியது. மறுபடி நாடி இறங்க, மறுபடி முள் ஏற, வண்டியை நிறுத்துங்க பாய் என்று கத்தினேன். அவர் எஞ்சினையும் விளக்கையும் அணைத்தார். அப்போதும் முள் ஏறிக்கொண்டே போனது. என் விரலுக்கடியில் நாடி நின்ற பிறகுதான் அது நடுவுக்கு வந்தது. வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது, பாவி நான் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பதுளை வரைக்கும் விளக்கு பட்டப்பகல் மாதிரி எரிந்தது.

காசீம் பாய் எல்லாவற்றையும் துரையிடம் சொன்னாராம். துரை சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "இப்ப பேட்டரி நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டாராம்.

சில மாதம் கழித்து டைனமோ மறுபடி கெட்டது. லயத்துப் பக்கமே எட்டிப்பார்க்காத துரை அன்று காரோடு வாசலில் வந்து இறங்கினார்.

"யாருக்கு சீக்கு? நான் பதுளைக்கு அனுப்புறேன்."

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பேச்சாயியின் புருஷன் காய்ச்சலில் கிடந்த தன் தாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன், "நல்லது நடக்குறது ஒனக்குப் பொறுக்கலையா?" என்று தள்ளிவிட்டுப் போனான்.

அவன் தாய் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கார் மட்டும் அன்று பொழுது சாய, டைனமோவைப் பழுதுபார்க்காமலே, விளக்கு பளீரென்று எரிய மலையேறி வந்தது. ஏன், எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இன்றைக்கும் யாராவது அன்பாக உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.