கண்காட்சிக்கு வர மறுத்த அம்மன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குக் கீழ்வீட்டு ஆன்டி ஒரு காலத்தில் பத்திரிகையில் படம் வந்த ஓவியர் என்று சொன்னால் எங்கள் அடுக்குமாடியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். "யாரு, அந்தச் சண்டைக்கார ஆன்டியா?" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கார் நிறுத்தும் இடத்துக்காக அவர் போடும் சத்தம் ஆறாவது மாடி வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, வாயில் ஜெபம் காயுமுன்பே வந்து அதே சண்டையைத் தொடர்வார்.

இப்படி இருந்தவரைத் தேடிப் பங்சாரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மறக்கப்பட்ட பெண் ஓவியர்களுக்காகக் கண்காட்சி வைக்கிறார்களாம். ஆன்டிக்கு ஒரு சுவரே ஒதுக்குவார்களாம். ஆனால் அசல் எண்ணெய் ஓவியம் ஒன்றாவது வேண்டும்; மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் அந்தச் சுவர் வேறு ஒருவருக்கு.

ஆன்டியிடம் அசல் எங்கே இருக்கிறது? கிள்ளானில் இருந்தபோது வெள்ளம் வந்து அத்தனையையும் கொண்டுபோய்விட்டது. தப்பியது ஒன்றுதான், அதுவும் வெள்ளத்துக்கு முன்பே காணாமல் போனதால். சட்டம் போடக் கொடுத்திருந்த கடைக்காரர் திடீரென்று கடையை மூடிவிட்டுப் போய்விட, படமும் போயிற்று. இருபத்துமூன்று வயதில் தன்னைத்தானே வரைந்த படம். அதன் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். அந்தப் பெண்கள் போனபிறகு, சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் என்னோடு வேலை செய்யும் பெண், கிள்ளானைத் தாண்டி தெலுக் பங்லிமா காராங்கில் தன் வீட்டில் ஆடிக்கூழ் ஊற்றுவதாகச் சொல்லி அழைத்தாள். போனேன். கூழ் குடித்தேன். சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அடக் கடவுளே! நடுச்சுவரில் மாலையும் மஞ்சளுமாக எங்கள் கீழ்வீட்டு ஆன்டி!

சிவப்புச் சேலை, தலைக்குக் குளித்து விரித்துவிட்ட கூந்தல், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த அந்த மூக்கு. கையிலே பச்சை தோய்ந்த பிரஷ். அதைத்தான் இவர்கள் வேப்பங்கொத்து என்று நினைத்திருக்கிறார்கள். கண்கள் மேல் வெள்ளிக் கண்மலர் வேறு ஒட்டியிருந்தது. "எங்க மாமியார் கிள்ளான்ல சட்டம் போடுற ஒரு சாமிப் படக் கடை மூடுறப்ப எடுத்தாந்தாங்கக்கா. ரொம்ப சக்தியான அம்மன்லா" என்றாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆன்டி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஐயோ மாதாவே! என்னையா கும்பிடுறாங்க? இத நான் ஃபாதர்கிட்ட எப்படிப் பாவசங்கீர்த்தனம் பண்றது? நான் செஞ்ச பாவமா, அவங்க செஞ்ச பாவமா?" கொஞ்ச நேரம் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு, "ஏன்டி, பூவெல்லாம் போடுறாங்களா?" என்று கேட்டார். மல்லிகை என்றேன். "ம்" என்றார். முகத்தில் ஒரு மினுமினுப்பு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் அந்தத் தோழி வீட்டுக்குப் போனோம். அம்மன் யார் என்று இப்போதைக்கு வாயைத் திறக்கக்கூடாது, கண்காட்சிக்கு இரவல் மட்டும் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஆன்டிக்குப் பாடம் எடுத்தேன். கும்பிடுகிற வீட்டில் போய் "அது நான்தான்" என்றால் விளக்குமாற்றால் அடிப்பார்கள். "இவங்க பெரிய ஆர்டிஸ்ட். கண்காட்சிக்குப் படம் பாக்குறாங்க" என்று மட்டும் அறிமுகப்படுத்தினேன்.

என் தோழி தயங்கினாள். "நான் குடுக்கலாம்க்கா. ஆனா அம்மனக் கேக்காம வாசல் தாண்ட விடமுடியாது. பூக் கேட்டுப் பாக்குறேன்." சட்டத்தின் மேல் ஒரு சிவப்புப் பூவை வைத்தாள். காற்றில் விழுந்தால் கணக்கில்லை என்று மின்விசிறியை நிறுத்தினாள். "தாயே, பங்சாருக்குப் போக உனக்குச் சம்மதம்னா வலப்பக்கம் பூவக் குடு. இல்லன்னா இடப்பக்கம் குடு" என்று கைகூப்பினாள்.

பூ அசையவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஆன்டி என் காதருகே குனிந்து, "என் படத்த எடுத்துட்டுப் போக நான் என்கிட்டயே பர்மிஷன் கேக்கணுமா?" என்று பல்லைக் கடித்தார். "சும்மா இருங்க, அம்மன் கோவிச்சுக்குவா" என்றேன். "கோவிச்சுக்குவாதான். அவளப் பத்தி எனக்குத் தெரியாதா? அந்த வயசுல நான் யார் பேச்சக் கேட்டேன்?" என்றார்.

பூ விழுந்தது. இடப்பக்கம்.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. தோழி, "மன்னிச்சிருங்க ஆன்டி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆன்டி சுவரையே பார்த்தார். பிறகு, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத குரலில், "அந்தக் கண்ண மட்டும் ஒருதடவ பாக்கலாமாம்மா?" என்றார்.

"இன்னைக்கு எப்படியும் தொடைக்கணும்" என்று தோழி வெள்ளிக் கண்மலரை மெதுவாகக் கழற்றினாள். நெற்றி, கன்னம், சேலை எல்லாம் சாம்பிராணிப் புகையிலும் எண்ணெயிலும் கறுத்துக் கிடக்க, வெள்ளிக்கு அடியில் இருந்த கண்கள் மட்டும் நேற்று வரைந்ததுபோல் இருந்தன. கண்ணாடியைப் பார்த்து வரைந்த கண்கள். அப்படியே ஆளை நேராக முறைத்தன. கார் நிறுத்துமிடத்தில் நான் அனுதினமும் பார்க்கிற அதே முறைப்பு.

தோழி படத்தைப் பார்த்தாள். திரும்பி ஆன்டியைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது.

"ஆன்டி, இது... நீங்களா?"

"நான்தாம்மா. நானே வரைஞ்சது."

தொலைந்தோம் என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். தோழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று பார்த்தால் கண்தான் நிறைந்தது. "என் பெரியவனுக்கு டெங்கி வந்து ஐசியூல கெடந்தப்ப இங்கதான் ராத்திரியெல்லாம் அழுதேன். என் வீட்டுக்காரர் பேசாம இருந்த ஆறு மாசமும் இந்த மொகத்தப் பாத்துத்தான் பேசுனேன். யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் சொன்னேன். எல்லாம் உங்ககிட்டயா சொன்னேன்?"

ஆன்டி முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "எனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனே" என்றார்.

பையன் பிழைத்துக்கொண்டானா என்று ஆன்டி கேட்டார். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான் என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி.

பிறகு தோழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பூ வேணாம். நீங்களே சொல்லுங்க ஆன்டி. போறீங்களா, இருக்கீங்களா?"

"போய்ட்டு வரேன்மா" என்றார் ஆன்டி.

அவளே நாற்காலி போட்டு ஏறிப் படத்தை இறக்கினாள். தன் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து வந்து அதில் சுற்றி, காரின் பின் இருக்கையில் வைத்துப் பெல்ட்டும் போட்டாள். நான் வண்டியைக் கிளப்பும்போது சன்னலில் தட்டினாள்.

"அக்கா, அங்க இவங்க பேரப் பெருசா எழுதச் சொல்லுங்க. இத்தன வருசம் நான் பேரு தெரியாமயே கூப்பிட்டுட்டு இருந்திருக்கேன்."