மூடாமல் கொடுத்த தாய் டிஸ்க்

1. நோ டிஸ்க்

திருவொற்றியூரில் இருபத்திரண்டு ஆண்டுகள் வீடியோ கடை நடத்தினேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றையும் எடுத்து டிவிடியில் போட்டுக் கொடுப்பது தொழில். அதில் நான் செய்த மிகப் பெரிய தவறு, ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு வந்து சேர்ந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து எடுத்து வந்தவர் பெயர் தேவி. முகத்துவாரக்குப்பத்துப் பெண். ஏழு வருடங்களுக்கு முன் அவருடைய கல்யாணத்தை எடுத்தவன் நான்தான்.

"அண்ணா, இது நீங்க குடுத்த டிஸ்க்குதானே? ஸ்டேஷன்ல போட்டா ஒண்ணுமே வரலண்ணா. நோ டிஸ்க்குன்னு எழுத்து வருது. வெறும் டிஸ்க்க எடுத்துனு வந்து டைம் வேஸ்ட் பண்றியான்னு கேட்டுட்டாங்க."

"எந்த ஸ்டேஷன்?"

"லேடீஸ் போலீஸ் ஸ்டேஷன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். குழந்தை இல்லை என்று சொல்லி இரண்டு வருடங்களுக்கு முன் கணவர் சுரேஷ் அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்போது, விடிந்தால் வெள்ளிக்கிழமை, அத்திப்பட்டில் சுரேஷுக்கு இன்னொரு பெண்ணோடு கல்யாணம். தேவி புகார் கொடுத்ததும் சுரேஷ், "தேவி எங்க சொந்தக்காரப் பொண்ணு, எங்களுக்குக் கல்யாணமே நடக்கல" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் பதிவு செய்யப்படவில்லை. ஆல்பம் மாமியார் வீட்டில் இருக்கிறது. சாட்சிக்கு வரவேண்டியவர்கள் இரண்டு பக்கத்துக்கும் உறவு. ஒருவரும் வரவில்லை. நாலு மணிக்கு சுரேஷை வரச் சொல்லியிருக்கிறார் இன்ஸ்பெக்டர். அதற்குள் தேவி ஏதாவது காட்ட வேண்டும்.

டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன் மேல் என் கையெழுத்தில் 'தாய்' என்று எழுதியிருந்தது.

2. கடையின் வழக்கம்

எங்கள் பகுதியில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு டிஸ்க் கொடுப்போம். ஒன்று பார்க்கிற டிஸ்க். அது மாப்பிள்ளை வீட்டுக்கு. இன்னொன்று தாய் டிஸ்க். அது பெண் வீட்டுக்கு. வளைகாப்பு முடிந்து பெண் பிரசவத்துக்கு வருவது அங்கேதான். "அதே டிஸ்க்ல வளைகாப்பையும் சேத்துக் குடு" என்று கேட்டு வருவார்கள். அதற்காகத் தாய் டிஸ்க்கின் கடைசியில் இடம் விட்டு, ஃபைனலைஸ் செய்யாமல் கொடுப்போம்.

ஃபைனலைஸ் என்பது டிஸ்க்கை மூடுவது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை டிவிடி எழுதும் ரெக்கார்டர் அப்போதுதான் டிஸ்க்கில் எழுதும். பட்டியல் இல்லாத டிஸ்க்கை அதை எழுதிய ரெக்கார்டர் மட்டுமே படிக்கும். மற்ற பிளேயர்களுக்கு அது வெறும் டிஸ்க். இதை நான் வாடிக்கையாளர்களிடம் விளக்கிச் சொன்னதில்லை. எப்படியும் திரும்பி வருவார்கள், கடைசி விசேஷத்தைச் சேர்த்த பிறகு மூடிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

தேவிக்கு வளைகாப்பு நடக்கவில்லை. டிஸ்க் திரும்பி வரவில்லை.

3. பரண்

டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் நடுவிலிருந்து முக்கால் தூரம் வரை ஊதா நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. எழுதிய பகுதி அப்படித்தான் தெரியும். படம் உள்ளே இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டேன். வெறும் டிஸ்க், ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டது. அவசரமாக கேன்சல் கொடுத்து வெளியே எடுத்தேன்.

ரெக்கார்டர் பரணில் இருந்தது. நாலு வருடங்களாகத் தொடவில்லை. இறக்கி பிளக்கில் சொருகினேன். விளக்கு எரிந்தது. டிரே திறக்கவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடை காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு, மியூசியம் தொறந்துகினியா?"

"பாய், பழைய டேப் ரெக்கார்டர் ஏதாவது கீதா? பெல்ட்டு வோணும்."

என் முகத்தைப் பார்த்தவர் உடனே போய் ஒன்றைத் தூக்கி வந்தார். மூடியைக் கழற்றி, டிரேயைத் தள்ளும், தொய்ந்து போன ரப்பர் பெல்ட்டை எடுத்துவிட்டு டேப்பின் பெல்ட்டை மாட்டினேன். டிரே வெளியே வந்தது. டிஸ்க்கை வைத்தேன். லோடிங். பிறகு டிஸ்க் எரர்.

மணி ஒன்றரை. தேவி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடற்கரைக் காற்றில் லென்ஸில் உப்புப் படலம் படியும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸைத் துடைத்தேன். மறுபடியும் எரர். மறுபடியும் துடைத்தேன். மூன்றாவது முறை லோடிங் நீண்ட நேரம் நின்றது. பிறகு டிவியில் ஒரு பந்தல் தெரிந்தது.

தேவி அப்போதுதான் உட்கார்ந்தார்.

"போனை எடும்மா. தாலி கட்டுற இடத்தைத் திரையிலிருந்து எடுத்து வெச்சிக்கோ."

"போன்ல எடுத்தது செல்லாதுன்னாங்கண்ணா. டிஸ்க்கேதான் வோணும், அவங்க எதிர்லயே ஓடணும்னாங்க."

"தெரியும். இது நமக்கு."

மூடும்போது கரண்ட் போனால் டிஸ்க் செத்துவிடும் என்பதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. தன் கல்யாணத்தைத் தானே போனில் எடுத்துக்கொண்டிருந்தார்.

பாயின் இன்வெர்ட்டர் லைன் இருந்தது. ஆனால் கரண்ட் மாறும்போது ஒரு நொடி துண்டிக்கும். ரெக்கார்டருக்கு அந்த ஒரு நொடி போதும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு அதன் யுபிஎஸ்ஸில் ரெக்கார்டரையும் டிவியையும் மாட்டினேன். பேட்டரி பழையது. ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம். ஃபைனலைஸ் அழுத்தினேன். நாலு நிமிடம் ஆகும் என்று காட்டியது.

இரண்டாவது நிமிடத்தில் மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"இன்னாண்ணா சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. அப்படித்தான் கத்தும்."

பொய். வாசலில் நின்ற பாய்க்கும் அது தெரியும். அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசி நிமிடத்தில் கத்தல் இடைவெளியில்லாமல் வந்தது. திரையில் கம்ப்ளீட் என்ற எழுத்து தோன்றியது. சில நொடிகளில் டிவிக்கும் ரெக்கார்டருக்கும் உயிர் போனது. டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டது. மறுபடி மூடியைக் கழற்றி, பல்சக்கரத்தை விரலால் சுற்றி வெளியே எடுத்தேன்.

4. நாலு மணி

நானும் உடன் போனேன். என் தவறு என்பதால் போகாமல் இருக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. எதிரே சுரேஷ், அவர் அம்மா, அத்திப்பட்டுப் பெண்ணின் அப்பா.

"இந்த வாட்டியாவது ஏதாவது வருமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வரும் என்றேன். ஸ்டேஷன் பிளேயரில் டிஸ்க்கைப் போட்டதும் லோடிங் என்ற எழுத்து வந்தது. அது வேறு கம்பெனி பிளேயர்.

பந்தல் வந்தது. தாலி கட்டினார் சுரேஷ். "எங்க சொந்தத்துல வெளாட்டுக்கு எடுத்தது மேடம்" என்று அவர் ஆரம்பித்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆசீர்வாதம் முடிந்த இடத்தில், பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் தேவியின் தோளில் கை போட்டுக் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "யப்பா கேமரா, என்னியும் என் மருமவளையும் ஒண்ணா புடி. ஊரே பாக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் படத்தை நிறுத்தினார். திரையில் இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் பார்த்தார். "இது யாரும்மா?"

சுரேஷின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அத்திப்பட்டுக்காரர் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். வாசலில் அவர் போனில் பேசுவது உள்ளே கேட்டது: "பந்தலப் பிரிக்கச் சொல்லு."

டிஸ்க்கை வழக்குக்காக வைத்துக்கொண்டு தேவிக்கு ரசீது கொடுத்தார்கள். அவர் அதை மடிக்காமல் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். "அண்ணா, முன்னாடியே மூடிக் குடுத்திருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

5. பழைய பில் புத்தகங்கள்

மூடாமல் எதையும் கொடுக்கக் கூடாது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் கணக்கு. வாடிக்கையாளர் கையில் இருப்பது அன்றைக்கு நாம் கொடுத்த பொருள் மட்டும். இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

மறுநாள் பழைய பில் புத்தகங்களை எடுத்துவைத்து ஒவ்வொரு எண்ணாக அழைத்தேன். பல எண்கள் இப்போது இல்லை. கிடைத்தவர்களிடம் தாய் டிஸ்க்கை எடுத்து வரச் சொன்னேன். ராயபுரத்திலிருந்து ஒரு பெண் சிரித்தார். "இன்னாத்துக்குண்ணா அதெல்லாம்? எங்க வூட்டுக்காரரு நல்லவருதான்."

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அதே எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, கட எத்தினி மணி வரிக்கும் தொறந்துகீது?"